தேர்வு வாசலில் எடுத்த காட்சி

மஹதி வேலை பார்த்த அலுவலகம் தி.நகரில், பாண்டி பஜாரிலிருந்து பிரியும் ஒரு தெருவில், ரெடிமேட் பிளவுஸ் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. தமிழ்ச் செய்திச் சேனல்கள் அத்தனையையும் இரவு பகலாகப் பதிவு செய்து வைப்பது அவர்களுடைய தொழில். ஏதாவது ஒரு மருத்துவமனையின் பெயரோ ஒரு கம்பெனியின் பெயரோ செய்தியில் அடிபட்டால், அந்தத் துண்டை மட்டும் வெட்டி அந்த நிறுவனத்துக்கு அனுப்புவார்கள். பார்த்துக்கொள்ளலாம், வேறு எதற்கும் பயன்படுத்தக் கூடாது என்று ஒவ்வொரு துண்டோடும் ஒரு வரி போகும். அந்த வரியை முதலில் எழுதிக் கொடுத்தவளே மஹதிதான்.

முதலாளி ஸ்ரீநாத் கெட்டவர் இல்லை. மஹதியின் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, வேலைக்கு வராத நாட்களுக்கும் சம்பளம் போட்டவர். ஆனால் செய்தித் துண்டுகளுக்கு இப்போது ஆள் குறைந்துவிட்டது. கையில் போன் இருப்பவர்கள் தாங்களே தேடி எடுத்துக்கொள்கிறார்கள். அதனால் பழைய வாடிக்கையாளர்களுக்கே சின்னச் சின்ன விளம்பரப் படங்களும் செய்து தர ஆரம்பித்திருந்தார். அப்படி வந்தவர்தான் வேதாந்தம். அடையாறில் நீட் பயிற்சி மையம் நடத்துபவர். மாணவர் சேர்க்கைக்கு முன்னால் யூடியூபில் ஓட ஒரு விளம்பரம் வேண்டும் என்றார். அதன் தொடக்கத்தில், தேர்வு எழுதிவிட்டு அழுதுகொண்டே வெளியே வரும் பிள்ளைகள் வேண்டும்.

"நடிக்க வச்சு எடுத்தா பொய்யாத் தெரியும். உங்ககிட்டதான் எல்லாச் சேனலும் இருக்கே" என்றார்.

மஹதி முந்தின வருஷத்து மே மாதப் பதிவுகளைத் தேடினாள். ஒரு பள்ளிக்கூட வாசலில் எடுத்த காட்சி அகப்பட்டது. பிள்ளைகள் கூட்டமாக வெளியே வருகிறார்கள். வெளிர் நீலச் சுடிதாரில், தலையில் துப்பட்டா போட்ட ஒரு பெண், கையில் தண்ணீர் பாட்டிலோடு யாரையோ தேடிக்கொண்டு வருகிறாள். கண்டுபிடித்துச் சிரிக்கிறாள். பக்கத்தில் போகிறாள். அப்புறம் அந்த முகம் அப்படியே உடைகிறது. கேமரா நெருங்கிப் போய் அந்த முகத்தைப் பிடித்திருந்தது. கேள்விகள் கடினமாக இருந்ததால் மாணவர்கள் கண்ணீர் என்று செய்தியாளர் சொல்லிக்கொண்டிருந்தார்.

வேதாந்தம் கேட்டது இதுதான். இதைவிட நன்றாக வேறு எதுவும் கிடைக்காது என்று மஹதிக்கு உடனே தெரிந்தது. செய்தியாளரின் பேச்சு எந்த இடத்தில் முடிகிறது என்று பார்க்க ஹெட்போனை மாட்டினாள். அவர் மூச்சு வாங்கிய இடைவெளியில், அடியிலிருந்து ஓர் ஆணின் குரல் கேட்டது.

"அம்மா மௌத்தாயிட்டாங்கம்மா. காலைலயே..."

அதற்குமேல் செய்தியாளர் குரல் மூடிவிட்டது. மஹதி பின்னால் போய் மறுபடி கேட்டாள். அதேதான். அந்தச் சொல் தனக்குப் புரியவில்லை என்று பிற்பாடு ஒரு நாள் தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். அது பொய். பள்ளி நாட்களில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தவள் வஜீஹா. அவளுடைய பாட்டி இறந்த அன்று கணக்கு வகுப்பின் நடுவே அவளைக் கூட்டிப் போக வந்த மாமா இதே சொல்லைத்தான் டீச்சரிடம் சொன்னார். அன்றிலிருந்து அதன் அர்த்தம் மஹதிக்குத் தெரியும்.

ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு ஸ்ரீநாத்தின் அறைக்குப் போனாள். போகும்போது சொல்ல நினைத்தது ஒன்று. வாயில் வந்தது வேறு.

"சார், அந்த அழற காட்சி சேனலோடது. விளம்பரத்துல போட நமக்கு உரிமை இல்ல."

"எவ்ளோ நேரம் வருது?"

"ரெண்டு மூணு செகண்ட் இருக்கும்."

"அதுக்கு யாரும் வரமாட்டாங்க. லோகோ தெரியாம ஜூம் பண்ணிடு. கீழ ஓடற வரியும் போயிடும்."

"காப்பிரைட் கேட்டு வந்தா?"

"வந்தா எடுத்துடலாம். மஹதி, நீ சொல்ல வேண்டியதைச் சொல்லிட்டே, நான் கேட்டுக்கிட்டேன். பொறுப்பு என்னுது. சரியா?"

சரி என்று திரும்பி வந்தாள். மனசு இலேசாக இருந்ததுதான் ஆச்சரியம். ஆட்சேபிக்க வேண்டியவள் ஆட்சேபித்துவிட்டாள். அந்தப் பெண்ணைப் பற்றிச் சொல்லியிருந்தால் ஸ்ரீநாத் அந்தக் காட்சியை விட்டுவிடச் சொல்லியிருக்கலாம். வேறு தேட வேண்டும். சாயங்காலத்துக்குள் முடியாது. அதையெல்லாம் அவள் யோசித்தாள் என்றுகூடச் சொல்ல முடியாது. யோசிக்காமலேயே எளிதான ஆட்சேபணையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். ஜூம் செய்தாள். லோகோ போயிற்று. பெண்ணின் தோளில் கை வைத்து நின்ற மனிதரும் சட்டகத்துக்கு வெளியே போய்விட்டார். ஒலியை முழுதாகக் குறைத்து வயலின் இசையைச் சேர்த்தாள். வேதாந்தம் எழுதிக் கொடுத்திருந்த வாசகத்தை அந்த முகத்தின் மேல் ஏற்றினாள். "இந்தக் கண்ணீர் உங்கள் வீட்டிலும் வேண்டுமா?"

விளம்பரம் பிய்த்துக்கொண்டு ஓடியது. வேதாந்தம் ஒரு டப்பா பாதுஷா அனுப்பினார். மஹதி அதைத் தொடவில்லை.

மயிலாப்பூரில், சித்திரக்குளத்துக்குப் பக்கத்துத் தெருவில் அவளும் அம்மா சூடாமணியும் இருந்தார்கள். அம்மா விளக்கேற்றிவிட்டு டேப்லெட்டில் ஸ்தோத்திரம் கேட்பவள். ஒரு நாள் சாயங்காலம் மஹதி உள்ளே நுழையும்போது ஸ்தோத்திரத்துக்கு முன்னால் அந்த வயலின் கேட்டது.

"பாவம்டி இந்தப் பொண்ணு" என்றாள் அம்மா. "வருஷம் பூரா ஊரைச் சுத்திண்டு இருந்திருப்பா. கடைசில அழுதுண்டு வந்து நிக்கறா."

"அப்படியெல்லாம் இருக்காதும்மா."

"உனக்கு எப்படித் தெரியும்? அப்படித்தானே போட்டிருக்கா?"

மஹதி செருப்பைக் கழற்றிவிட்டு நேராகக் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள். கூடத்தில் ஸ்தோத்திரம் ஆரம்பிக்கும் வரை வெளியே வரவில்லை.

அடுத்த வாரம் அலுவலகத் தொலைபேசி அடித்தது. வரவேற்பில் இருக்கும் பெண் அன்றைக்கு லீவு. மஹதிதான் எடுத்தாள்.

"வணக்கம்மா. நான் ராயப்பேட்டைலேர்ந்து ஷரஃபுதீன் பேசறேன். மூக்குக் கண்ணாடிக் கடை வச்சிருக்கேன். ஒரு விளம்பரத்துல எம்பொண்ணு முகம் வருது. கோச்சிங் சென்டர்ல கேட்டேன், உங்க நம்பரைக் குடுத்தாங்க."

அவர் குரல் அவளுக்குத் தெரிந்தது. அதே குரல். இப்போது அதற்குமேல் யாரும் பேசவில்லை.

"சொல்லுங்க சார்."

"எம்பொண்ணு நீட்ல பாஸ் பண்ணி, கவர்மெண்ட் காலேஜ்ல சீட்டு வாங்கி டாக்டருக்குப் படிக்குதும்மா. காலேஜ் பூரா இந்த விளம்பரத்தைப் பாத்திருக்கு. கேலி பண்றாங்க. அன்னிக்கு அது அழுதது பரிட்சைக்காக இல்ல."

மஹதி ரிசீவரைப் பிடித்துக்கொண்டு சும்மா இருந்தாள்.

"கேக்குதாம்மா?"

"கேக்குது சார். எங்க எம்.டி.கிட்ட சொல்றேன்."

"நீங்க யாரும்மா?"

"நான் இங்க ஆஃபீஸ்ல இருக்கேன்" என்றாள். பெயரைச் சொல்லவில்லை.

ஸ்ரீநாத்திடம் அதைச் சொன்னாள். அதாவது, அந்தப் பெண்ணின் அப்பா பேசினார், எடுத்துவிடச் சொல்கிறார் என்று சொன்னாள். ஸ்ரீநாத் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "பொது இடத்துல எடுத்தது. டிவிலயே வந்தது. அவர் என்ன பண்ண முடியும்? மறுபடி பேசினா என்கிட்ட குடு" என்றார். ஷரஃபுதீன் மறுபடி பேசவில்லை. நேராகச் சேனலுக்குப் போயிருந்தார்.

அதற்குப் பின்தான் அலுவலகம் கலங்கியது. சேனலின் வக்கீலிடமிருந்து நோட்டீஸ் வந்தது. அனுமதி இல்லாமல் எங்கள் காட்சியை எடுத்திருக்கிறீர்கள், எங்கள் அடையாளத்தை வேண்டுமென்றே நீக்கியிருக்கிறீர்கள் என்று இருந்தது. யூடியூபில் விளம்பரமும் முடக்கப்பட்டது. வேதாந்தம் போனில் கத்தினார். பதிவு செய்யும் தொழிலையே சேனல் நிறுத்திவிட்டால் என்ன செய்வது என்று ஸ்ரீநாத் மதியம் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். எல்லோரும் பயந்திருந்த அந்த நாட்களில் மஹதிக்கு மட்டும் ஒரு ரகசிய நிம்மதி. விளம்பரம் போய்விட்டது. அவள் எதுவும் செய்யாமலேயே போய்விட்டது. அந்தப் பெண்ணை யாரும் இனிமேல் பார்க்கமாட்டார்கள். தன் பங்கு இதோடு தீர்ந்தது என்று நினைத்துக்கொண்டாள்.

ஸ்ரீநாத் சேனல் அலுவலகத்துக்கு நடையாய் நடந்தார். ஒரு நாள் சிரித்த முகத்தோடு வந்தார்.

"முடிஞ்சுது. சேனல்ல பிளஸ் டூ பசங்களுக்கு ஒரு நிகழ்ச்சி பண்றாங்க. அதுக்கு வேதாந்தம் ஸ்பான்சர். பதிலுக்கு அந்தக் காட்சியைப் போட்டுக்க முறைப்படி அனுமதி. எழுத்துலயே வாங்கியாச்சு."

"எந்தக் காட்சி சார்?"

"அதே காட்சிதான். இனிமே லோகோவை மறைக்க வேண்டாம். நன்றின்னு அவங்க பேர் போட்டா போதும். ஒரிஜினல் ஃபைலே குடுத்துட்டாங்க, பாரு. வேதாந்தம் இன்னும் கொஞ்சம் நீளமா போடச் சொல்றார். காசு குடுத்ததாச்சே."

அவள் முன்னால் ஒரு பென் டிரைவை வைத்துவிட்டுப் போனார்.

ஒரிஜினல் ஃபைல் கேமராவிலிருந்து நேராக வந்தது. செய்தியாளர் குரல் அதில் இல்லை. வாசலின் சத்தம் மட்டும் இருந்தது. மஹதி ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். படம் முழு அகலத்தில் ஓடியது. சட்டகத்தின் ஓரத்தில், வெள்ளைச் சட்டையில் கண்ணாடி போட்ட ஒருவர் நின்றார். பெண் அப்பாவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தாள்.

"நல்லா எழுதியிருக்கேன் அத்தா. பயாலஜி ஃபுல்லா. போனைக் குடுங்க, அம்மாட்ட சொல்லணும்."

அவர் போனை எடுக்கவில்லை. அவள் தோளில் கையை வைத்தார்.

"அம்மா மௌத்தாயிட்டாங்கம்மா. காலைலயே. நீ எழுதிட்டு வரட்டும்னு அம்மாவே நேத்து ஆஸ்பத்திரில சொல்லிருந்தாங்க. அதான் நாங்க..."

மஹதி நிறுத்தினாள். திரையில் அந்த முகம் உடைவதற்குச் சற்று முன்னால் நின்றது. மேலே ஓட்ட அவளால் முடியவில்லை.

எழுந்து ஸ்ரீநாத்தின் அறைக்குப் போனாள். இந்தத் தடவை காப்பிரைட்டைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. அது சுத்தமாக இருந்தது.

"சார், நீங்க வந்து இதைக் கேளுங்க."

ஸ்ரீநாத் வந்து கேட்டார். ஹெட்போனைக் கழற்றி மேஜை மேல் வைத்தார்.

"ஐயோ" என்றார் மெதுவாக. பிறகு, "இது பழைய பதிவுல இல்லையே?" என்றார்.

"இருந்தது சார். கொஞ்சம். நான் கேட்டேன்."

"எப்போ?"

"வெட்டும்போதே."

ஸ்ரீநாத் அவளையே பார்த்தார். "என்கிட்ட காப்பிரைட்னுதானே வந்து சொன்னே?"

"ஆமா."

"இதைச் சொல்லியிருந்தா நான் போட்டிருக்கவே மாட்டேன், மஹதி."

அவர் சொன்னது உண்மையா என்று அவளுக்குத் தெரியவில்லை. அவருக்கே தெரிந்திருக்காது. ஆனால் அவருக்கு நல்லவராக இருக்க ஒரு வாய்ப்பு இருந்தது, அதைத் தான்தான் பறித்துக்கொண்டுவிட்டோம் என்பது மட்டும் உறைத்தது.

"இப்போ என்ன பண்றது? அவர் ஸ்பான்சர் பண்ணிட்டார். நான் போய் என்னன்னு சொல்றது?" என்றார்.

"நான் போய்ச் சொல்றேன் சார். தப்பு என்னுதுன்னும் சொல்றேன்."

ஸ்ரீநாத் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

அடையாறில் வேதாந்தத்தின் அறைச் சுவர் முழுக்க, முதலிடம் பிடித்த பிள்ளைகளின் படங்கள். மஹதி மடிக்கணினியைத் திறந்து போட்டுக் காட்டினாள். ஒலியைக் கூட்டினாள். வேதாந்தம் முதலில் போனைப் பார்த்தபடியே கேட்டார். "பயாலஜி ஃபுல்லா" என்ற இடத்தில் நிமிர்ந்தார். முடிந்ததும் போனை மேஜை மேல் கவிழ்த்து வைத்தார். சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ இயற்பியல் நடத்திக்கொண்டிருந்தார்கள்.

"இதை வேற யாரெல்லாம் கேட்டிருக்கா?"

"நான். வெட்டும்போதே கொஞ்சம் கேட்டேன். இப்போ ஸ்ரீநாத் சார். சேனல்ல யாராவது கேட்டிருக்கலாம்."

"அந்தப் பொண்ணோட அப்பாவுக்கு இந்த ஒரிஜினல் இருக்கறது தெரியுமா?"

"தெரியாது."

"தெரிஞ்சு வெளில போட்டார்னா என் சென்டரை மூடிடுவா" என்றார். பிறகு, அப்படிச் சொன்னது அவருக்கே பிடிக்காதது போல், கண்ணைத் துடைத்துக்கொண்டார். "வேண்டாம். அந்த விளம்பரமே வேண்டாம். வேற பண்ணுங்கோ. இல்ல, எதுவுமே பண்ண வேண்டாம். நான் ஸ்ரீநாத்கிட்ட பேசிக்கறேன். நீங்க ஏன் முதல்லயே சொல்லலை?"

வேலை அதிகமாக இருந்தது என்று சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் விட்டாள்.

விளம்பரம் மறுபடி வரவில்லை. வேதாந்தம் வேறு நிறுவனத்துக்குப் போய்விட்டார். ஸ்ரீநாத் மஹதியை வேலையைவிட்டுப் போகச் சொல்லவில்லை. ஆனால் முன்பெல்லாம் டீ வரும்போது அவள் மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்று பேசுபவர், இப்போது தன் அறையிலேயே குடித்தார்.

ஷரஃபுதீனிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்துவிடலாம்தான். பல நாள் அப்படித்தான் இருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, அம்மாவிடம் லைப்ரரிக்குப் போவதாகச் சொல்லிவிட்டு ராயப்பேட்டைக்குப் பஸ் ஏறினாள்.

கடை சின்னது. கண்ணாடி அலமாரிகளில் பிரேம்கள் வரிசையாக இருந்தன. வெள்ளைச் சட்டைக்காரர் கல்லாவில் இருந்தார். பக்கத்து ஸ்டூலில் ஒரு பெண் தடிமனான புத்தகத்தை மடியில் வைத்துப் படித்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தை மஹதி எத்தனையோ தடவை முன்னும் பின்னும் ஓட்டியிருக்கிறாள். அந்தப் பெண் மஹதியை இதற்குமுன் பார்த்ததே இல்லை.

"வாங்கம்மா. டெஸ்ட் பண்ணணுமா, பிரேம் மட்டுமா?"

"ரெண்டும் இல்ல சார். நான் அந்த விளம்பரக் கம்பெனிலேர்ந்து வரேன். என் பேர் மஹதி. போன்ல உங்ககிட்ட பேசினது நான்தான்."

ஷரஃபுதீன் எழுந்து நின்றார். பெண் புத்தகத்தை மூடவில்லை, ஆனால் படிப்பதை நிறுத்திவிட்டாள்.

"அதை எடுத்துட்டாங்களே" என்றார் அவர்.

"எடுத்தாச்சு. அதை வெட்டினது நான்தான் சார். வெட்டும்போதே உங்க குரல் கேட்டுது. என்ன நடந்திருக்குன்னு தெரிஞ்சுது. தெரிஞ்சும் சத்தத்தைக் குறைச்சுட்டுப் போட்டேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை, கையிலேயே வைத்துக்கொண்டார்.

"போன்ல நான் பேசினப்போ, பரிட்சைக்காக அழலன்னு சொன்னேன்ல. அப்ப எதுக்கு அழுதான்னு எல்லாரும் கேட்டாங்க. கோச்சிங் சென்டர்ல கேட்டாங்க, டிவில கேட்டாங்க. நீங்க மட்டும் கேக்கல. எனக்கு அன்னிக்கே ஒரு மாதிரி இருந்துச்சு."

மஹதி தன் பையைத் தொட்டு, "ஒரிஜினல்ல முழுசா இருக்கு. நீங்க கேட்கணும்னா..." என்று ஆரம்பித்தாள்.

"நான் எதுக்குக் கேக்கணும்?" என்றாள் அந்தப் பெண். முதல் தடவையாகப் பேசினாள். "நான் அங்கதானே இருந்தேன்."

"ஹானி" என்றார் அப்பா.

"இல்ல அத்தா. அவங்க சொல்ல வந்திருக்காங்கல்ல, இதையும் பாத்துட்டுப் போகட்டும்." உம்மே ஹானி தன் போனை எடுத்துத் திறந்து மஹதியிடம் நீட்டினாள். வாட்ஸ்அப்பில் அவள் வகுப்புக் குழு. ஏதோ ஒரு வகுப்புத் தேர்வின் தேதியை யாரோ போட்டிருந்தார்கள். அதற்குக் கீழே வரிசையாக ஸ்டிக்கர்கள். எல்லாவற்றிலும் அவளுடைய முகம். மஹதி ஜூம் செய்து வெட்டிய அதே அளவில், அதே ஓரத்தோடு.

"இது எங்க பேட்ச்ல மட்டும் இல்ல. சீனியர்ஸ்கிட்ட இருக்கு. வேற காலேஜ்ல இருக்கற என் ஸ்கூல் ஃபிரெண்டுக்கும் வந்திருக்கு. அனுப்பறவங்களுக்கு நான் யாருன்னே தெரியாது. விளம்பரத்தை எடுத்துட்டீங்க. இதை எங்க போய் எடுப்பீங்க?"

"எனக்குத் தெரியலம்மா" என்றாள் மஹதி. "என்னை மன்னிச்..."

"அதைச் சொல்லாதீங்க. நீங்க சொன்னா நான் பரவாயில்லன்னு சொல்லணும். எனக்கு அப்படிச் சொல்லத் தோணல."

குரலை அவள் உயர்த்தவில்லை. போனை வாங்கிக்கொண்டு, புத்தகத்தை எடுத்துக்கொண்டு, கடைக்குப் பின்னாலிருந்த படியேறி வீட்டுக்குள் போய்விட்டாள்.

ஷரஃபுதீன் கொஞ்ச நேரம் அந்தப் படியையே பார்த்துக்கொண்டிருந்தார். மஹதியை உட்காரச் சொல்லலாமா என்று யோசிப்பது போல ஸ்டூலைப் பார்த்தார். சொல்லவில்லை.

"டிவிக்காரங்ககிட்ட இருக்கறதை அழிக்கச் சொல்ல முடியுமா?" என்று கேட்டார். "அவ அம்மாவோட கடைசி நாள் அது. எவனோ ஒருத்தன் பீரோவுல இருக்குன்னு நினைச்சா ஒரு மாதிரி இருக்கு."

"நான் எழுதிக் கேக்கறேன் சார்" என்றாள். சொன்ன உடனேயே அது எவ்வளவு சுலபமாக வாயில் வந்தது என்பது அவளுக்கே தெரிந்தது. "இல்ல சார். எழுதறேன், ஆனா அவங்க அழிக்க மாட்டாங்க. அது அவங்களோட சொத்து. எங்ககிட்ட இருக்கறதை மட்டும் நான் அழிக்க முடியும்."

"அப்போ அது அங்கயே இருக்கும்."

"இருக்கும்."

அவர் தலையை ஆட்டினார். அதற்குள் ஒரு பெரியவர், கால் உடைந்த மூக்குக் கண்ணாடியைக் கைக்குட்டையில் பொதிந்துகொண்டு கடைக்குள் ஏறினார். ஷரஃபுதீன் தன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவர் பக்கம் திரும்பினார். "குடுங்க பாய், பாக்கலாம்" என்றார். மஹதி இன்னும் சற்று நேரம் அங்கேயே நின்றாள். தன்னைப் போகச் சொல்ல அங்கே யாரும் இல்லை என்று தெரிந்ததும் தானாகவே வாசல் படியிறங்கினாள்.